இடது கையால் ரொட்டி கொடுத்த சீமாட்டி

அத்தியாயம் 5

மெல்பனுக்கு வெளியே வெரிபீ நெருங்கும்போது கார்க் கண்ணாடியை இறக்கியதுதான் ஏசுதாசன் அன்று செய்த முதல் தவறு.

"அக்கா! என்னாக்கா இது, இப்படி நாறுது?"

"மெல்பனின்ர கழிவுத் தண்ணியெல்லாம் இங்கைதான் வந்து சேருது. அதுக்கெண்டே ஒரு பண்ணை வைச்சிருக்கினம். கண்ணாடியை ஏத்தும்," என்றாள் சிவனேஸ்வரி. மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமையும் அதுவுமா பூசைக்குப் போக வேண்டிய மனுஷன் நான். எங்க கூட்டிட்டு வந்திருக்கீங்கன்னு பாருங்க."

"கார் உம்மட. ஓட்டினதும் நீர். நான் சும்மா பக்கத்தில இருந்தனான்."

ஏசுதாசன் மலேசியாவின் ஈப்போக்காரன். என்ஜினியராவதற்கு மெல்பனுக்கு வந்தான். இரண்டாம் வருடத்தில் படிப்பு அவனைக் கைவிட்டது, டாக்சி கைகொடுத்தது. சிவனேஸ்வரிக்கு நாற்பத்திரண்டு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பல்கலைக்கழக நூலகத்தில் புத்தகங்களுக்கு அட்டை எழுதுகிறாள். துப்பறிவாளர் என்று வாசலில் பலகை எதுவும் கிடையாது. ஆனால் மெல்பனில் ஒரு தமிழ் வீட்டில் ஏதாவது காணாமல் போனால், போலீசுக்கு முன்னால் அவளுக்குத்தான் போன் வரும். அப்போதெல்லாம் புடவைக்கு மேல் சாம்பல் நிற ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, ஏசுதாசனின் பழைய ஹோல்டன் காரில் ஏறிவிடுவாள்.

இந்த முறை போன் வரவில்லை. ஆளே வந்தார்.

சடகோபன் கும்பகோணத்துக்காரர். மெல்பனின் கார்ல்டன் பகுதியில் படங்களுக்கு ஃபிரேம் போடும் சின்னக் கடை வைத்திருக்கிறார். நேற்று மாலை சிவனேஸ்வரியின் வீட்டுக்கு வந்தவர், உட்காரச் சொன்னால் உட்காரவில்லை, தேத்தண்ணீர் கொடுத்தால் தொடவில்லை. "அந்தப் பொண்ணை எப்படியாவது காப்பாத்துங்கம்மா" என்று மூன்று முறை சொல்லிவிட்டு, வந்த வேகத்திலேயே போய்விட்டார்.

அந்தப் பெண் ராஜகுமாரி. பினாங்கிலிருந்து உபகாரச் சம்பளத்தில் வந்து, பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்து செப்பனிடும் கலையைப் படிக்கிறாள். கார்ல்டனில் பெல்லாமி என்ற வெள்ளைக்காரர் நடத்தும் ஓவியக் கூடத்தில் மறுமலர்ச்சிக் காலத்துப் படங்களுக்கு ஒரு கண்காட்சி ஏற்பாடாகியிருந்தது. அதற்கு ஒரு படத்தை இரவல் கொடுத்தவர் வெரிபீயில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் மாத்தேயோ. நானூற்றைம்பது வருடங்களுக்கு முன் இத்தாலியில் பெயர் தெரியாத யாரோ பேனாவாலும் மையாலும் வரைந்த ஒரு சீமாட்டியின் படம். அது இரண்டு வாரம் கல்லூரியில் ராஜகுமாரியின் மேசையில் இருந்து சுத்தமானது. பிறகு ஒரே ஒரு நாள் சடகோபன் கடைக்குப் போய், ஃபிரேமோடு திரும்பி வந்து சுவரில் ஏறியது.

வெள்ளிக்கிழமை சிட்னியிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். கண்ணாடிக்கு வெளியே நின்றபடியே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். மை காய்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது, இது நகல் என்று சொல்லிவிட்டு அடுத்த விமானத்தைப் பிடித்தார். அப்படியானால் அசல் எங்கே? நன்றாக வரையத் தெரிந்தவள், இரண்டு வாரம் படத்தைத் தன்னிடம் வைத்திருந்தவள் ராஜகுமாரிதான். பெல்லாமிக்கு அதற்கு மேல் யோசிக்கத் தேவைப்படவில்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் அசல் வராவிட்டால் போலீசுக்கு ஒரு கடிதம், கல்லூரிக்கு ஒரு கடிதம். உபகாரச் சம்பளமும் விசாவும் ஒன்றாகப் போகும். அந்தப் பெண் திருடி என்ற பெயரோடு பினாங்குக்கு விமானம் ஏற வேண்டியதுதான்.

"மறுமலர்ச்சி, மறுமலர்ச்சின்றாங்களே. எது மலர்ந்துச்சாம்?" என்று கேட்டான் ஏசுதாசன்.

"கனகாலமா அங்கை சாமியையும் ராசாவையும் மட்டும்தான் படம் கீறினவை. பிறகு ஒரு நாள் திரும்பிப் பக்கத்து வீட்டு மனுசியைப் பாத்தினம். அவளுக்கும் முகம் இருக்கெண்டு கண்டுபிடிச்சினம். பழைய புத்தகங்களைத் தேடி எடுத்து வாசிச்சினம். அவ்வளவுதான்."

"பக்கத்து வீட்டு மனுசியப் பாக்குறதுக்கு இத்தன வருஷமா? எங்க தெருவுல ஒரே நாள்ல பாத்துருவானுங்க."

"நீர் றோட்டைப் பாத்து ஓட்டும்."

மாத்தேயோ கோலிபிளவர் வயலுக்கு நடுவே, முழங்கால் வரை சேறாக நின்றார். ஜூலை மாதக் குளிரிலும் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். ஒரு பூவைப் பிடித்து, கத்தியை ஒரு இழுப்பு இழுத்து, கூடையில் போட்டார். பேசும்போதும் கை நிற்கவில்லை. கத்தி இடது கையில் இருந்தது.

"அறுவடை முடியும்வரை நகர முடியாது. கண்காட்சிக்குக்கூட இன்னும் போகவில்லை," என்றார் உடைந்த ஆங்கிலத்தில். "போனில் சொன்னார்கள், என் சீமாட்டி போலி என்று. என் சீமாட்டி போலி இல்லை அம்மா. யாரோ அவளைக் கொண்டுபோய்விட்டார்கள்."

"அவளைப் பற்றிச் சொல்லுங்கள்," என்றாள் சிவனேஸ்வரி.

மாத்தேயோ கத்தியைக் கீழே வைத்தார். "பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் என் இடது கையை நாற்காலியோடு கட்டிவைப்பார், வலது கையால் எழுதப் பழக வேண்டும் என்று. நான் அழுதுகொண்டு வீட்டுக்குப் போவேன். அம்மா என்னைத் தூக்கி அந்தப் படத்துக்கு முன்னால் நிறுத்துவாள். சீமாட்டியின் வலது கையில் புத்தகம் இருக்கும். படித்துக்கொண்டிருப்பாள். வாசலுக்கு ஒரு பிச்சைக்காரன் வந்திருக்கிறான். படிப்பை நிறுத்த மனமில்லை, அவனை வெறுங்கையோடு அனுப்பவும் மனமில்லை. இடது கையை நீட்டி ரொட்டி கொடுப்பாள். பார்த்தாயா, நல்லவர்களும் இடது கையால் கொடுக்கிறார்கள் என்று அம்மா சொல்லுவாள்." கண்ணைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டார். "எனக்கு அவள் திரும்ப வந்தால் போதும்."

ஏசுதாசன் கீழே விழுந்திருந்த ஒரு பூவை எடுத்துக் கூடையில் போட்டான்.

"இரண்டு மணிக்குக் கார்ல்டனுக்கு வாருங்கள்," என்றாள் சிவனேஸ்வரி.

"கோலிபிளவர்?"

"ஒரு நாள் காத்திருக்கும்."

கார் நகரத்தைப் பார்த்துத் திரும்பியதும் ஏசுதாசன் கேட்டான். "ரெண்டு மணிக்கு வரச் சொல்லிட்டீங்க. அதுக்குள்ள கண்டுபிடிச்சிருவீங்களா?"

"தெரியேல்லை. ஆனா அவர் வாறார் எண்டால் நான் கண்டுபிடிச்சுத்தான் ஆகவேணும்."

பெல்லாமியின் ஓவியக் கூடம் அன்று பூட்டியிருந்தது. பின்பக்கத்து அலுவலக அறையில் மட்டும் விளக்கு. சிவனேஸ்வரி சொல்லியிருந்தபடி எல்லோரும் வந்திருந்தார்கள். பெல்லாமி மேசைக்குப் பின்னால், இரண்டு கடிதங்களையும் தட்டச்சு செய்து முடித்துத் தயாராக வைத்திருந்தார். சடகோபன் ஜன்னலோரம் நின்றிருந்தார். சுவரிலிருந்து இறக்கிய போலிப் படம், ஃபிரேமோடு, கேஸ் ஹீட்டருக்குப் பக்கத்தில் வேண்டாத பொருளாகச் சாத்தி வைக்கப்பட்டிருந்தது.

ராஜகுமாரி எல்லோருக்கும் தேநீர் கொண்டுவந்தாள். அழுது வீங்கிய முகம். திருடி என்று சொல்லப்பட்ட இடத்திலும் தேநீர் போட்டுக் கொடுக்கும் வளர்ப்பு. ஏசுதாசனிடம் இடது கையால் கோப்பையை நீட்டினாள்.

"என்னாம்மா இது, பீச்சாங்கையால குடுக்குற? எங்கம்மா பாத்தா கோப்பையோட கைக்கும் சேத்து ஒண்ணு வச்சிருப்பாங்க."

"சாரிண்ணே." சட்டென்று கோப்பையை வலது கைக்கு மாற்றிக் கொடுத்தாள். தேநீர் தளும்பி அவள் விரலில் கொட்டியது. "எனக்கு எல்லாமே இடதுதான். இங்க வந்து மறந்துபோச்சு."

சும்மா இருந்திருக்கலாம் என்று ஏசுதாசனுக்குப் பட்டது. அது அவனுக்கு அடிக்கடி படுவதுதான், எப்போதும் சொன்ன பிறகுதான் படும்.

இதற்குள் சடகோபன் ஜன்னலை விட்டு வந்து, கீழே சாத்தியிருந்த ஃபிரேமை இரண்டு கையாலும் தூக்கி, ஹீட்டரிலிருந்து தள்ளி, எதிர்ச் சுவரோரம் பதமாக வைத்தார். வைத்துவிட்டுப் பழையபடி ஜன்னலுக்குப் போனார். சிவனேஸ்வரி தேநீரை ஊதிக் குடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவள் போய்ப் படத்துக்கு முன்னால் குந்தினாள். ஏசுதாசனும் குந்தினான். அழகான படம்தான். சீமாட்டியின் பாவாடை மடிப்புகளில் சின்னச் சின்னச் சாய்கோடுகளாக நிழல் இறங்கியிருந்தது. இடது கையில் புத்தகம். வலது கையில் ரொட்டி.

ஏசுதாசன் இன்னும் ஒரு முறை குனிந்து பார்த்தான்.

"அக்கா," என்று கிசுகிசுத்தான். "கை மாறியிருக்கு."

"ஓம்."

"இத வரஞ்சவன் அசலப் பக்கத்துல வச்சிக்கிட்டு வரையல. பாத்துட்டுப் போயி, வீட்டுல உக்காந்து நெனப்புல வரஞ்சிருக்கான். ரொட்டி குடுக்குற எடம் வந்ததும் கை தானா வலது பக்கம் போயிருச்சு. பீச்சாங்கையால சோத்தக் குடுக்குற பொம்பளைய அவனால நெனச்சுக்கூடப் பாக்க முடியல. அப்ப இது..." சொல்ல வந்ததை அவனே விழுங்கினான்.

"சொல்லும்."

"நம்ம ஆளு வேல."

"ஓம். வெள்ளைக்காரருக்குக் குடுக்கிறதுக்கு எந்தக் கையும் ஒண்டுதான். இது தமிழ்க் கை."

காப்பாற்ற வந்த இடத்தில் கழுத்தில் கயிற்றை மாட்டிவிட்டோமே! கல்லூரியில் இருக்கும் ஒரே தமிழ்ப் பெண் ராஜகுமாரி. பெல்லாமிக்கு இது தெரிந்தால் இரண்டு கடிதத்தோடு மூன்றாவதும் எழுதுவார்.

"அக்கா, நாம ஒண்ணும் பாக்கல. கெளம்புவோம்."

சிவனேஸ்வரி எழுந்தாள். மேசையிலிருந்த கண்காட்சித் துண்டுப் பிரசுரங்களில் நான்கை எடுத்து, வெற்றுப் பக்கம் மேலே தெரியும்படி வைத்தாள். "மிஸ்டர் பெல்லாமி, ஒரு சின்ன விளையாட்டு. எல்லோரும் எனக்கு மழை வரைந்து கொடுங்கள்."

"என்ன?"

"மழை. வானத்திலிருந்து விழும் தண்ணீர். மெல்பனில் இருப்பவருக்கு அதை நான் விளக்க வேண்டுமா?"

பெல்லாமி முனகிக்கொண்டே ஐந்தாறு கோடு கிழித்தார். ஏசுதாசன் வரைந்த மழை, கொட்டிய தீக்குச்சிகளைப்போல் இருந்தது. ராஜகுமாரி பேனாவை இடது கையில் வாங்கி, கண் துடைத்துக்கொண்டு வரைந்தாள். சடகோபன் பின்வாங்கினார்.

"எனக்கு ஒரு கோடுகூட நேரா வராதும்மா. நான் கட்டையை அறுக்கிறவன்."

"மழை எங்கை நேரா விழுது? கீறுங்கோ."

அவர் தயங்கித் தயங்கிப் பேனாவைத் தொட்டார். எட்டுக் கோடுகள். வைத்துவிட்டார்.

சிவனேஸ்வரி நான்கு தாள்களையும் மேசையில் பரப்பினாள். "பாருங்கள். வலது கைக்காரர் சாய்கோடு இழுத்தால் அது வலது மேலிருந்து இடது கீழுக்கு வரும். கை அப்படித்தான் போகும். ராஜகுமாரியின் மழை மட்டும் எதிர்ப்பக்கம் விழுகிறது. இனி அந்தச் சீமாட்டியின் பாவாடையைப் பாருங்கள். அத்தனை நிழல்கோடும் வலது மேலிருந்து இடது கீழுக்கு. தன் கைக்கு எதிராக ஒருத்தி இத்தனை நூறு கோட்டை இழுத்திருந்தால் எங்காவது ஒரு கோடு தயங்கியிருக்கும். இதில் ஒன்றுகூடத் தயங்கவில்லை. இதை வரைந்தது இந்தப் பெண் இல்லை."

பெல்லாமி படத்துக்கும் தாளுக்குமாக மூன்று தரம் பார்த்தார். அவர் முகம் முதல் முறையாக ராஜகுமாரியின் பக்கம் திரும்பி, அங்கே நிற்க முடியாமல் கீழே இறங்கியது.

ராஜகுமாரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "ஆன்ட்டி," என்றாள்.

"அப்படியானால் யார்?" என்றார் பெல்லாமி.

ஏசுதாசன் மேசையைப் பார்த்தான். அவனுக்குப் படத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் நான்காவது தாளிலிருந்து அவனால் கண்ணை எடுக்க முடியவில்லை. எட்டே கோடுகள்தான். பார்த்தால் சட்டை நனைந்துவிடும் என்று தோன்றியது.

படத்தைத் தொட்ட தமிழர் இரண்டே பேர். ஒருத்தி இடக்கைக்காரி.

"ஐயையோ," என்றான் ஏசுதாசன். "நம்மளக் கூப்பிட்டதே அவருதானேக்கா!"

சிவனேஸ்வரி சடகோபனிடம் தமிழில் பேசினாள். குரலில் கோபமே இல்லை. "நல்லாக் கீறுற கைக்குக் கெட்டதாக் கீறத் தெரியேல்லை, பாத்தீங்களோ?"

சடகோபன் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "அளவெடுக்கக் காலேஜுக்கு ரெண்டு தரம் போனேம்மா. ரெண்டு தரமும் அந்தப் படத்தை விட்டுக் கண்ணு வரல. வீட்டுக்கு வந்து வரைஞ்சு பார்த்தேன். நல்லா வந்துடுச்சு. ரொம்ப நல்லா வந்துடுச்சு. இருபது வருஷமா அடுத்தவன் படத்துக்கு ஃபிரேம் போடறேன். ஒரு தரம், ஒரே ஒரு தரம், நான் வரைஞ்சது முன்னாடி நாலு பேர் நின்னு ஆகா சொல்றதைக் கேக்கணும்னு ஆசை வந்துடுச்சு. அசல் கைக்கு வந்தன்னிக்குத்தான் ரொட்டி கை மாறினதைப் பார்த்தேன். திரும்ப வரைய நேரமில்லை. எந்தக் கைன்னு யார் பார்க்கப் போறான்னு நினைச்சேன்." ராஜகுமாரியின் பக்கம் திரும்பினார். "கண்காட்சி முடிஞ்சதும் சத்தமில்லாம மாத்தி வச்சிருப்பேன். இந்தப் பொண்ணு மேல பழி விழும்னு கனவுலயும் நினைக்கலை. சொல்லவும் தைரியம் வரலை. அதான் நீங்களே என்னைக் கண்டுபிடிச்சுடுங்கன்னு வந்தேன்."

ஏசுதாசன் பெல்லாமிக்குச் சுருக்கமாக மொழிபெயர்த்தான். பெல்லாமி போனைக் கையில் எடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்கள்," என்றாள் சிவனேஸ்வரி. "போலீசுக்கு என்ன சொல்லப் போகிறீர்கள்?"

"என்ன சொல்வேனா? அசலைத் திருடிவிட்டான் என்று!"

"அசல் உங்கள் அறையில் இருக்கிறதே."

பெல்லாமி போனைக் கீழே வைத்தார்.

"போலிப் படம் ஹீட்டரில் காய்ந்தால் யாருக்கு என்ன நட்டம்? ஆனால் இவர் ஜன்னலை விட்டு வந்து அதைத் தூக்கி, குழந்தையை இறக்குவதுபோல் தள்ளி வைத்தார். சூடு பட்டால் கெட்டுப்போகிற ஏதோ ஒன்று அதற்குள் இருக்கிறது. சடகோபன், ஃபிரேமைப் பிரியுங்கோ."

அவர் பையிலிருந்து சிறிய குறடு ஒன்றை எடுத்து, பின்பக்கத்து ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். அட்டை வந்தது. அதற்கடியில் மெல்லிய வெள்ளைத் தாள். அதை விலக்கியதும், பழுப்பேறிய ஒரு பழைய காகிதத்தில், வலது கையிலிருந்த புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், இடது கையை வாசல் பக்கம் நீட்டியபடி சீமாட்டி நின்றாள். சுவரை விட்டு எங்கேயும் போகாமல், தன் நகலுக்குப் பின்னாலேயே இத்தனை நாளும் இருந்திருக்கிறாள்.

"மருமகளுக்குப் பின்னால மறைஞ்சிருந்த மாமியார்," என்றான் ஏசுதாசன்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. சேற்றுக் காலோடு, வெள்ளைத் துணியில் சுற்றிய பெரிய ரொட்டி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கியபடி மாத்தேயோ உள்ளே வந்தார். யாரையும் பார்க்கவில்லை. நேரே படத்திடம் போனார். நீட்டிய அந்த இடது கைக்கு முன்னால் நின்றார்.

நடந்ததைச் சிவனேஸ்வரி சொன்னாள். மாத்தேயோ நகலைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். சடகோபன் தலை குனிந்து நின்றார்.

"இதை நீயா வரைந்தாய்? பார்த்துவிட்டுப் போய், மனதிலிருந்து?"

"ஆமாம், சார்."

"என் ஊரில் அந்தக் காலத்தில் ஒரே பட்டறையில்தான் ஃபிரேமும் செய்தார்கள், படமும் வரைந்தார்கள். செய்கிறவன் யார், வரைகிறவன் யார் என்று ஒருவரும் பிரித்துப் பார்க்கவில்லை." பெல்லாமியின் பக்கம் திரும்பினார். "என் படம் என்னிடம் இருக்கிறது. நான் புகார் கொடுக்கவில்லை. இவன் இந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நீயும் கேட்க வேண்டும். இந்த இரண்டாவது படத்தையும் நான் எடுத்துக்கொள்கிறேன். என் மனைவி வலக்கைக்காரி. முப்பது வருடமாக முறைப்பாடு சொல்கிறாள், இந்த வீட்டில் அவள் பக்கம் யாருமில்லை என்று."

முதலில் சிரித்தது ராஜகுமாரிதான். அழுகையும் சிரிப்புமாக வந்தது. சடகோபன் அவள் முன்னால் போய்க் கைகூப்பினார். "நாளைக்குக் காலைல நானே உங்க காலேஜுக்கு வந்து எல்லாத்தையும் சொல்றேம்மா," என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். கோபம் முழுதாகப் போகவில்லை. போக வேண்டிய அவசியமும் இல்லை. பெல்லாமி இரண்டு கடிதங்களையும் கிழித்துப்போட்டுவிட்டு, மூன்றாவது ஒன்றைத் தன் கையாலேயே எழுத உட்கார்ந்தார். மன்னிப்பு என்ற சொல்லைச் சிவனேஸ்வரி பக்கத்தில் நின்று இரண்டு இடத்தில் எழுதவைத்தாள்.

ராஜகுமாரி மேசையில் துணியை விரித்து ரொட்டியை நறுக்கினாள். பெரிய துண்டாக ஒன்றை எடுத்து ஏசுதாசனிடம் நீட்டினாள். இடது கை. பாதி வழியில் நினைவு வந்து, முகம் சிவந்து, அவசரமாக வலது கைக்கு மாற்றப்போனாள்.

"மாத்தாதம்மா," என்றான் ஏசுதாசன். "உன்னக் காப்பாத்துனதே அந்தக் கைதான். அதாலயே குடு."

கொடுத்தாள். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.